மரியாதைக்காரப் பெட்டியும் என் தம்பி பேத்தியின் பெயரும்

1

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஆறு பேரை வளர்த்தேன். பெற்றது ஐந்து, ஆறாவது என் கொழுந்தன் வீட்டுப் பிள்ளை. தாயில்லாமல் போனதால் என் கையில் சாப்பிட்டு வளர்ந்தது. ஆறு பேரும் படித்தார்கள், ஆறு பேரும் சம்பாதிக்கிறார்கள், ஆறு பேரும் எனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்கிறார்கள். கடைசியாகச் சொன்னதை மட்டும் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்கவில்லை, தாங்களாகவே கண்டுபிடித்தார்கள்.

நான் மூன்றாம் வகுப்பு வரைக்கும் போனவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஒரு பக்கத்துக்கு ஒரு காலைப்பொழுது ஆகும். எனக்கு அவசரம் இல்லை. அவசரம் உள்ளவர்கள் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம். அடுத்த பக்கத்தில் நகைக்கடை விளம்பரம் இருக்கும், அதைப் பார்க்கட்டும்.

என் தம்பி மகன் செந்தில்தான் கேட்டான். "ஊர்க் கோயில் கும்பாபிஷேகத்துக்கு மலர் போடுறோம் அத்தை. மலேசியாவுல உங்க அனுபவத்த எழுதித் தாங்க, ரெண்டு பக்கம் போதும்."

முடியாது என்று சொன்னேன். வருஷம் முழுக்க என் குரலைக் கேட்க நினைக்காதவர்கள், இங்கிருந்து யாரோ விமானம் ஏறுகிறார்கள் என்று தெரிந்தால் மட்டும் தைலம் கேட்டுக் கூப்பிடுகிறார்கள். அவர்களுக்கு என் அனுபவம் எதற்கு, தைலம் போதும் என்றேன். இப்போது எழுதுகிறேன் என்பதற்காக மனசு இளகிவிட்டது என்று யாரும் எண்ண வேண்டாம். எழுதித்தான் தீர வேண்டிய ஒரு காரியம் வந்துவிட்டது. வரிசையாகச் சொல்கிறேன்.

2

நீங்கள் நினைக்கிற மலேசியா வேறு எங்கேயோ இருக்கிறது. நான் இருப்பது ஜொகூரில், பெர்மாஸ் ஜெயாவில், ஒரு அடுக்குமாடியின் ஒன்பதாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் கடல் என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு தண்ணீர், அதற்கு அந்தப் பக்கம் சிங்கப்பூர். என் மருமகள் விடிவதற்கு முன் அங்கே வேலைக்குப் போய் இருட்டிய பிறகு வருகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைப் பார்க்கிறேன். நல்ல பெண்ணாகத்தான் தெரிகிறது.

எங்கள் வீட்டில் கைபேசிகூட அந்தப் பக்கம்தான் பார்க்கும். இந்த நாட்டுக் கோபுரத்தை விட்டுவிட்டுத் தண்ணீரைத் தாண்டிச் சிங்கப்பூர்க் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும். சோறு போட்ட நாட்டுக்கு அவ்வளவுதான் விசுவாசம். காசு எகிறுகிறது என்று என் மகன் அந்த வழியை அடைத்து வைத்திருக்கிறான். ஆக, ஊருக்குப் பேச வேண்டுமென்றால் வீட்டுக்குள் இருக்கிற வைஃபை பெட்டி ஒன்றுதான் கதி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பத்தொன்பது வயதில் கட்டிக்கொண்டு வந்தேன். கோத்தா திங்கி பக்கத்துத் தோட்டத்தில் அவர் கிராணி, கணக்கு எழுதுகிற வேலை. தோட்டத்திலேயே பிறந்தவர்கள் என்னை ஊர்க்காரி என்றார்கள். அவர்களுடைய தாத்தாக்கள் மட்டும் வானத்திலிருந்து விழுந்தவர்கள் போலிருக்கிறது. சரி, நம் ஊருக்குத் திரும்பிப் போனால் "மலேயாக்காரி வந்துட்டா" என்று எனக்குத் தனி டம்ளரில் தண்ணீர் கொடுத்தீர்கள். மறந்திருப்பீர்கள், நான் மறக்கவில்லை.

அந்தத் தோட்டத்து லயத்தில், வேலையாட்களின் வரிசை வீடுகளில், ஒரே ஒரு ரேடியோ. ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர் வீட்டில் இருந்தது. அவர் முடுக்கினால் நாங்கள் கேட்போம், அவர் அணைத்தால் போய்ப் படுப்போம். அவர் ஒரு முரடர், பாட்டு ரசனையும் கிடையாது. ஆனால் யார் வீட்டுப் பேச்சும் யார் வீட்டுப் பேச்சிலும் மோதவில்லை.

இப்போது கால் மூட்டு இரண்டும் போய்விட்டது. பாஸ்போர்ட்டும் காலாவதி. புதுப்பிக்கப் போனபோது பிறந்த பத்திரம் கேட்டார்கள்.

"நான் பொறந்ததுக்கு நானே சாட்சியா உங்க முன்னால உக்காந்திருக்கேனே" என்றேன்.

கவுன்டரில் இருந்த பெண் சிரிக்கவில்லை. அடுத்த நம்பரைக் கூப்பிட்டாள். நானும் அதற்குப் பிறகு போகவில்லை. என்னைப் பிறந்தவள் என்று நம்பாத இடத்துக்கு இரண்டாவது முறை போகிற பழக்கம் எனக்கு இல்லை.

3

எங்கள் பிறந்த வீட்டில் ஒரு வழக்கம். பிள்ளைக்குப் பத்திரத்தில் எந்தப் பெயரை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். காதில் விடுகிற பெயர் வேறு. அதை அந்த வீட்டில் பிறந்த மூத்த பெண்தான் விட வேண்டும். வெற்றிலையைக் குவித்துப் பிள்ளையின் வலது காதில் வைத்து, மூன்று தடவை சொல்ல வேண்டும். அவள் உயிரோடு இருக்கிறவரை அடுத்தவள் வாய் திறக்கக் கூடாது.

என் தம்பிக்குப் பெயர் விட எங்கள் அத்தை வர வேண்டியிருந்தது. அவள் வாழ்க்கைப்பட்ட ஊரிலிருந்து ஒரே பஸ், அன்றைக்கு அது வரவில்லை. நல்ல நேரம் போய்விட்டது. சமைத்தது ஆறியது. வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். என் தாத்தா "அவ வரட்டும்" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுத் துண்டை உதறிப் படுத்துக்கொண்டார். அத்தை சாயங்காலம் நடந்தே வந்து சேர்ந்தாள், கால் நிறையப் புழுதி, வாய் நிறைய வசவு. அதற்குப் பிறகுதான் பஞ்சாங்கத்தைப் புரட்டி வேறு நேரம் பார்த்தார்கள். அவள் ஒன்றும் தங்கமான மனுஷி இல்லை. வந்த இடமெல்லாம் சண்டை போடுவாள். ஆனாலும் வீடு அவளுக்காகக் காத்திருந்தது. நான் கதவோரம் நின்று அதைப் பார்த்தேன்.

அத்தைக்குப் பிறகு அந்த இடம் எனக்கு. தம்பி பிள்ளைகளுக்கெல்லாம் நான்தான் கப்பலிலும் விமானத்திலும் போய்ப் பெயர் விட்டேன். தம்பி இப்போது இல்லை. அவன் மகன் செந்திலுக்கு ஒரு பெண் பிறந்தது. பத்திரத்துக்கு ஏதோ ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், சொல்லும்போது தும்முகிற மாதிரி இருக்கிறது. காதில் விட நான் என் அம்மா பெயரைச் சொன்னேன். சிவகாமி. இத்தனை வருஷத்தில் அம்மா பெயர் அந்த வீட்டில் ஒரு பிள்ளைக்கும் போகவில்லை.

"உங்க வாயாலதான் அத்தை" என்றான் செந்தில். "வீடியோவுல வாங்க. நாங்க போனை வெத்தலையில வச்சு காதுகிட்ட பிடிக்கிறோம்."

என் தங்கை வசந்தா அதே தெருவில் இருக்கிறாள். நான் இல்லையென்றால் அடுத்தவள் அவள். நல்லவள்தான். நல்லவர்களுக்கு எல்லாம் தானாக நடந்து வந்து சேரும், அதுதான் எனக்குப் பிடிக்காதது. ஒரே ஒரு தடவை அவள் வாய் திறந்துவிட்டால் அந்த வீட்டுக்கு மூத்த பெண் அவள். நான் தைலம் அனுப்புகிறவள்.

4

இனி என் நாலாவது மகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் குணசேகரன். நான் இருப்பது அவன் வீட்டில். பல்கலைக்கழகத்தில் பாடம் சொல்கிறான். பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொள்கிறான், ஊசி போடத் தெரியாது. காற்றில் போகிற பேச்சைப் பங்கு போடுவது எப்படி என்பது அவனுடைய படிப்பு. காற்றைப் பங்கு போடப் பதினைந்து வருஷம் படித்தவனைப் பெற்றவள் நான்.

ஒருநாள் எல்லா வீட்டுக்கும் புதுப் பெட்டி மாட்டப் போகிறேன் என்று வந்து உட்கார்ந்தான்.

"காத்துல வழி கொஞ்சம்தான்மா இருக்கு. இந்தக் கட்டடத்துல வீட்டுக்கு ஒரு பெட்டி. எல்லாம் ஒரே வழியில நின்னு கத்துது. பக்கத்துப் பெட்டி கத்துறதால இது இன்னும் சத்தமா கத்துது. கடைசியில யாருக்கும் ஒண்ணும் கேக்கல."

"அதட்ட ஆள் இல்லையா?"

"அதட்டுற ஆளே வேண்டாங்கிறதுதான் என் ஆராய்ச்சி. ஒவ்வொரு பெட்டியும் காது குடுத்துக் கேக்கும். தன்னால பக்கத்துப் பெட்டிக்கு எவ்வளவு தொல்லைன்னு தெரிஞ்சுக்கும். வழிய மாத்திக்கும், குரலைக் குறைச்சுக்கும். தங்களுக்குள்ளயே பங்கு பிரிச்சுக்கும். தலைவர்னு ஒரு பெட்டி கிடையாது."

"அடங்காத பெட்டி ஒண்ணு இருந்தா?"

"அடங்காம இருந்தா அதுக்கே நஷ்டம் வர்ற மாதிரி கணக்கு போட்டிருக்கேன்."

ஆறு பேரை வளர்த்தவளிடம் வந்து சொல்கிறான். ஆறு பிள்ளைகளுக்கு நடுவே ஒரு மீனை வைத்துவிட்டு நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். வால் யாருக்கு வரும் என்பதும் தெரியும். குணசேகரனுக்குத்தான் வரும். மற்றவர்கள் எடுக்கட்டும் என்று தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அந்தப் புத்தியைத்தான் கொண்டுபோய்ப் பெட்டிக்குள் வைத்திருக்கிறான் என்று நினைத்தேன்.

கட்டடக் கமிட்டியில் அனுமதி வாங்கவே மாதக்கணக்கில் ஆனது. கூட்டம் போட்டார்கள், கறிபாப் என்கிற மசாலா சோமாஸ் சாப்பிட்டார்கள், முடிவெடுக்காமல் கலைந்தார்கள். மறுபடி கூட்டம், மறுபடி கறிபாப். அது தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் இருக்கிற கமிட்டி. பிறகு எங்கள் மாடிக்கு மட்டும் மாட்டிக்கொள் என்றார்கள்.

பொய் சொல்ல மாட்டேன், பெட்டி நன்றாகத்தான் வேலை செய்தது. சாயங்காலங்களில் சண்டை சச்சரவு இல்லை. அது மட்டும் இல்லை, ஒவ்வொரு வீட்டுப் பழக்கத்தையும் பார்த்துக் கற்றுக்கொள்ளுமாம். எங்கள் பெட்டி என்ன கற்றது என்பதைக் குணசேகரன் மகள் துளசி போனில் பார்த்துச் சொன்னாள்.

"பாட்டி, மத்தியானத்துல நம்ம பாக்ஸ் எல்லாருக்கும் விட்டுக் குடுத்துட்டு சும்மா இருக்கு. நீங்க தூங்குறீங்கன்னு அதுக்குத் தெரியும் லா."

வேவு பார்க்க ஒரு பெட்டி. அதற்கும் மீன் வால்தான் போதும்.

5

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாள் குறித்தார்கள். முகூர்த்தம் அங்கே காலையில். நம் கடிகாரத்துக்கு இந்த ஊர்க் கடிகாரம் இரண்டரை மணி முந்தி ஓடும், அதனால் இங்கே மத்தியானத்தை ஒட்டி வந்தது.

"ஒன்றரை மணி நேரம் இருக்கு அத்தை. நடுவுல உங்களுக்கு எப்ப தோதோ அப்ப கூப்பிடுங்க" என்றான் செந்தில்.

தொடக்கத்திலேயே வேண்டும் என்றேன். நல்ல நேரம் என்பது பிறக்கிறபோதுதான் நல்ல நேரம், பிறகு அதுவும் நம்மைப் போலத் தேய்ந்துகொண்டுதான் போகும் என்பது என் எண்ணம். புதன்கிழமை ஒத்திகை பார்த்தோம். கண்ணாடி மாதிரித் தெரிந்தது. செந்தில் வீட்டுச் சுவரில் ஓடிய பல்லியைக்கூடப் பார்த்தேன்.

குணசேகரன் திருப்தியாகத் தலையாட்டினான். "ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு நேரம்மா. எல்லாரும் ஒரே நிமிஷத்துல வர மாட்டாங்க. அதுதான் இந்தக் கணக்குக்கு அஸ்திவாரம்."

எங்கள் மாடியில் இந்துக் குடும்பம் இருக்கிற எல்லா வீட்டிலும் ஒரே நாள்காட்டிதான் தொங்குகிறது. கீழே இருக்கிற மளிகைக் கடைக்காரர் புது வருஷத்துக்கு இலவசமாகக் கொடுத்தது. நல்ல நேரம், ராகு காலம், முகூர்த்த நாள் எல்லாம் அதில் போட்டிருக்கும். எல்லாருக்கும் ஊரில் உறவு இருக்கிறது. எல்லாரும் என்னைப் போலவே தொடக்கத்திலேயே வேண்டும் என்று கேட்கிறவர்கள். அஸ்திவாரம் போட்டவனுக்கு இது தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. தினமும் அதில் தேதி கிழிக்கிறவள் நான்தான்.

6

அந்த ஞாயிற்றுக்கிழமை மாம்பழக் கலர் பட்டுக் கட்டிக்கொண்டு போன் முன்னால் உட்கார்ந்தேன். அங்கே கூடம் நிறைய ஆட்கள். வசந்தா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். புதுச் சேலை. மடி அவளுடையது, சரி, வாய் என்னுடையது என்று இருந்தேன்.

நேரம் பிறந்தது. வசந்தாவின் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. குரல் கிணற்றுக்குள் போனது. அதே நேரத்தில் வெளியே நடைபாதையில் கூச்சல். கதவைத் திறந்தேன்.

எங்கள் மாடிக் கிழவிகள் எல்லாரும் பட்டில் நின்றார்கள். ஆளுக்கொரு போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு.

பக்கத்து வீட்டு மங்கைக்குச் சேலத்தில் அக்காள் பேரன் கல்யாணம். கோடி வீட்டு முனியம்மாவுக்குத் திருச்சியில் மருமகனின் கிரகப்பிரவேசம்.

"மாப்பிள்ளை கையில தாலி இருக்கு. கை அப்படியே நிக்குது. கட்டினானா இல்லையான்னு தெரியல" என்றாள் மங்கை.

"எங்க மாடு வாசப்படியில பாதி உள்ள, பாதி வெளிய நிக்குது" என்றாள் முனியம்மா.

"மாட்டுக்கு என்னக்கா அவசரம், நிக்கட்டும்."

"பாதியில நின்னா வீட்டுக்கு ஆகாதுடி."

"அது அங்க உள்ள போயி சாணியும் போட்டிருக்கும். உங்க போன்லதான் நிக்குது."

குணசேகரன் கைலியோடு, கையில் கணினியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். "யாரும் பெட்டிய அணைக்காதீங்க. அணைச்சா முதல்லேர்ந்து வழி தேட ஆரம்பிக்கும்" என்றான். எல்லாரும் ஏற்கெனவே ஒரு தடவை அணைத்துப் போட்டிருந்தார்கள். முனியம்மா இரண்டு தடவை.

"என்னதாண்டா பண்ணுது?" என்றேன்.

"எல்லாப் பெட்டிக்கும் ஒரே நேரத்துல வேணும்மா. நம்மது ஒரு வழிக்கு ஒதுங்குது, மங்கை ஆன்ட்டி பெட்டியும் அதே வழிக்கு ஒதுங்குது. மோதிட்டு ரெண்டும் பழைய இடத்துக்கே வருது. சந்துல எதிரெதிரா வர்ற ரெண்டு பேர் ஒரே பக்கம் ஒதுங்குற மாதிரி."

"ஒருத்தர் நின்னா மத்தவர் போயிருவாரே."

"யார் நிக்கிறதுன்னு அதுங்களே முடிவு பண்ணிக்கும். கணக்குப்படி கடைசியில சேர்ந்துரும்மா."

"கடைசின்னா எப்ப?"

டாக்டர் கணினியைப் பார்த்துக்கொண்டு நின்றான். காது கொடுத்துக் கேட்கிற பெட்டிகள், விட்டுக் கொடுக்கிற பெட்டிகள், ஒன்றையொன்று பார்த்து நீ போ நீ போ என்று சொல்லிக்கொண்டே எல்லாருடைய காரியத்தையும் கெடுத்தன. இத்தனை மரியாதையை நான் மனிதர்களிடம் பார்த்ததில்லை.

அப்போது எதிர்வீட்டுப் பிலோமினா கதவைத் திறந்தாள். வேதக்காரி. தேவாலயத்துக்குப் போய்விட்டு வந்து கவுனை மாட்டிக்கொண்டு, கையில் கரண்டியோடு நின்றாள். அவளுக்கும் எனக்கும் செருப்பு அடுக்கு வைக்கிற இடத்தில் ஒரு தகராறு, அதில் என்னை ஊர்க்காரி என்றாள், அதிலிருந்து பேச்சு கிடையாது.

"என்னக்கா, எல்லாரும் பட்டு கட்டிக்கிட்டு காரிடார்ல நிக்கிறீங்க? என்ன விசேஷம்?" என்று பொதுவாகக் கேட்டாள்.

"முகூர்த்தம்" என்றாள் மங்கை.

"யாருக்கு?"

"எல்லாருக்கும்."

பிலோமினா சிரித்தாள். கரண்டி ஆடியது. "எங்க வீட்டுல நல்லாத்தானே ஓடுது. பேரப் பசங்க ரெண்டும் உள்ள விளையாடிக்கிட்டுதான் இருக்கானுங்க."

அவள் வீட்டில் ஞாயிறு மத்தியானம் எப்போதும் அப்படித்தானாம், அவள் பெட்டி அதைக் கற்றுவைத்துத் தன் பங்கில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறதாம். குணசேகரன் விளக்கினான். சிரித்துக்கொண்டு நின்றவள் கரண்டியை இடுப்பில் வைத்து ஒரு நிமிஷம் யோசித்தாள்.

"சரி, எங்க பெட்டிய அணைச்சுர்றேன். அந்த இடத்த யாராச்சும் எடுத்துக்குங்க. யாருக்கு முதல்ல?"

தாலிக்கு முதல் என்றாள் மங்கை. மாட்டுக்கு என்றாள் முனியம்மா. அதற்குள் மற்றவர்களும் பேச ஆரம்பித்தார்கள். பிலோமினா எல்லாரையும் விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"பட்டம்மா அக்கா, உங்களுக்கு என்ன விசேஷம்? அவசரமா?"

அவள் கேட்ட விதத்தில் குறை இல்லை. அதையும் எழுதிவிடுகிறேன். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் கிடைத்திருக்கும்.

"நான் கேட்டு வாங்குற ஆள் இல்ல" என்றேன். உள்ளே போய்விட்டேன்.

அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் இல்லை. ஊர்க்காரி என்றவள் இரக்கப்பட்டுத் தந்த இடத்தில் நின்று என் அம்மா பெயரை விட எனக்கு வாய் வராது. அந்த இடம் மங்கைக்குப் போனது. மாப்பிள்ளை தாலி கட்டி முடித்து மோர் குடிப்பதை அவள் தெளிவாகப் பார்த்தாளாம்.

7

போன் முன்னால் உட்கார்ந்தேன். படம் கொஞ்சம் தெளிந்தது. செந்தில் குரல் வந்தது. "கூப்பிடுங்க அத்தை."

வெற்றிலையைக் கொண்டுவந்தார்கள். மஞ்சள் துணிக்கு மேலே பிள்ளையின் காது தெரிந்தது. சின்னக் காது, என் அம்மாவுக்கு இருந்த மாதிரி ஒட்டின காது. சிவகாமி என்றேன். சொல்லி முடித்ததும் படம் நின்றுவிட்டது. வசந்தாவின் கை பாதி தூரத்தில் நின்றது. மூலையில் சின்னக் கட்டத்தில் என் முகம் மட்டும் உயிரோடு அசைந்தது.

நின்றுவிட்டது என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் இரண்டாவது தடவை கூப்பிட்டேன். மூன்றாவது தடவை நடைபாதையில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி கூப்பிட்டேன். துளசி உள் அறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

படம் மறுபடி வந்தபோது அங்கே எல்லாம் முடிந்திருந்தது. பிள்ளை வாயில் சர்க்கரைத் தண்ணீர். ஆட்கள் எழுந்து பந்திக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். யாரோ தட்டில் லட்டு கொண்டுபோனார்கள்.

"நல்லாக் கேட்டுச்சு அத்தை" என்றான் செந்தில். "மூணு தடவையும் தெளிவா."

"வசந்தாவக் கூப்பிடு."

அவள் வந்தாள். போனைப் பார்க்காமல் பிள்ளையைப் பார்த்தாள்.

"நீ கூப்பிட்டியா?"

"நீங்கதானேக்கா கூப்பிட்டீங்க."

"நான் கேக்குறது உன்னை."

"பிள்ளைக்குப் பசிக்குதுக்கா. அப்புறம் பேசுறேன்."

வசந்தாவுக்குச் சின்ன வயதிலிருந்தே பொய் சொல்ல வராது. அதனால் யாருக்காவது பசி, தூக்கம் என்று பேச்சை மாற்றிவிடுவாள். என் தாத்தா வீட்டில் ஒரு சண்டைக்காரிக்காகச் சாயங்காலம் வரைக்கும் காத்திருந்தார்கள். அவர் கொள்ளுப்பேரன் வீட்டில் ஒரு படம் அசைகிற வரைக்கும் காத்திருக்க ஆள் இல்லை. நேரம் மீதி கிடந்தது, லட்டுதான் ஆறிவிடும் என்று பயந்தார்கள் போல. அதைக்கூட நான் பொறுப்பேன். கிழவி மனசு நோகக் கூடாது என்று ஒரு கூடமே சேர்ந்து பொய் சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை. உங்கள் மரியாதையும் அந்தப் பெட்டியின் மரியாதையும் ஒரே ஜாதி.

8

குணசேகரன் உள்ளே வந்து செருப்பைக் கழற்றினான். முகம் தொங்கிப்போயிருந்தது. ஆராய்ச்சி போனதே என்ற துக்கம்.

"உன் கணினியில எல்லாம் தெரியும்ல?" என்றேன்.

"என்னம்மா?"

"நான் கூப்பிட்டது போச்சா, இல்லையா. அதப் பாத்துச் சொல்லு."

அவனும் மழுப்புவான் என்று எதிர்பார்த்தேன். ஆறு பேரில் வால் எடுக்கிற பிள்ளை. ஆனால் சாப்பாட்டு மேசையில் கணினியை விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தான். சோறு ஆறியது, நான் எழுப்பவில்லை.

"ஒண்ணு போச்சும்மா" என்றான்.

"எது?"

"முதல்ல கூப்பிட்டது. அது முழுசா போய்ச் சேர்ந்துருச்சு. மத்த ரெண்டும் காத்துலயே விழுந்துருச்சு."

அன்றைக்கு எனக்கு உண்மை சொன்ன ஒரே ஆள். என் மனசு நோகும் என்று தெரிந்தும் சொன்னான். அவன் படிப்புக்கு நான் கொடுக்கிற ஒரே மரியாதை இது, வாங்கிக்கொள்ளட்டும்.

"விழுந்தத எடுத்துத் திருப்பி அனுப்பு."

"முடியாதும்மா. நேர்ல பேசுற பேச்சுல விழுந்தத மறுபடி அனுப்பாது. நேரம் போயிட்டா அது எதுக்குன்னு விட்டுட்டு அடுத்ததுக்குப் போயிரும்."

"எதையுமே திருப்பி அனுப்பாதா?"

"எழுத்துன்னா அனுப்பும். எழுத்துல ஒரு துண்டு விழுந்தாகூட, வரலைன்னு அந்தப் பக்கம் கேட்டு வாங்கிக்கும். முழுசா சேர்ற வரைக்கும் விடாது."

இதை அவன் சும்மா பாடம் மாதிரி சொன்னான். நான் அன்று மத்தியானம் தூங்கவில்லை. மறுநாள் காலையில் செந்திலைக் கூப்பிட்டு மலருக்கு எழுதித் தருகிறேன் என்றேன். அவனுக்குச் சந்தோஷம். "மலேசியா வாழ்க்கையப் பத்தி நல்லதா நாலு விஷயம் எழுதுங்க அத்தை" என்றான். நாலெல்லாம் இல்லை. எழுத வேண்டியது இரண்டுதான், மிச்சமெல்லாம் அதைச் சுமந்து வருகிற கூடை.

ஒன்று போய்ச் சேர்ந்துவிட்டது. சேராத இரண்டும் இதோ.

சிவகாமி.

சிவகாமி.

அச்சடிக்கிறவருக்கு ஒரு வார்த்தை. ஒரே சொல் இரண்டு தடவை வந்திருக்கிறது, கிழவி தவறாக எழுதிவிட்டாள் என்று ஒன்றை எடுத்துவிட வேண்டாம். செந்திலுக்கு ஒரு வார்த்தை. மலர் வந்ததும் இந்தப் பக்கத்தைத் திறந்து வசந்தாவிடம் கொடு. பிள்ளையின் வலது காதில் வெற்றிலை வைத்து அவள் வாசிக்கட்டும். அவள் எட்டாவது வரைக்கும் போனவள், எழுத்து நன்றாக வரும். வாய் அவளுடையதாக இருக்கட்டும், சொல் என்னுடையது. அன்றைக்கு அவள் கூப்பிட்டதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனால் சர்க்கரைத் தண்ணீர் வைத்தது நல்லது, பிள்ளை அழாமல் இருந்தது.

துளசி, அந்தப் போனைக் கீழே வை. இங்கே வந்து உட்கார். உன் தமிழ் எப்படி இருந்தாலும் பரவாயில்லை, எனக்கு அவசரம் இல்லை. மேலே வயது போட்டிருக்கிற இடத்திலிருந்து படி. உன் அப்பாவைப் பற்றி எழுதியதையும் விடாதே, பக்கத்து அறையில்தான் இருக்கிறான், கேட்கட்டும். பாட்டி மனசு நோகும் என்று எதையும் தாண்டிப் போகாதே. பெயர் வருகிற இடத்தில் இரண்டையும் படி. ஒன்று விழுந்தாலும் வரவில்லை என்று சொல்லி மறுபடி கேட்பேன்.